'வார்ஃபேர்': சத்தத்தை நம்பி எடுத்த போர்ப் படம்

துப்பாக்கிக் குண்டு ஒலியைவிட வேகமாகப் பறக்கும். போர்ப் படம் எடுப்பவர்களில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஏகே ரகத் துப்பாக்கியின் குண்டு நொடிக்கு 700 மீட்டருக்கு மேலான வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஆகவே 300 மீட்டர் தள்ளி இருந்து ஒருவன் சுட்டால், முதலில் தலைக்கு மேலே சாட்டை சொடுக்கினாற்போல் ஓர் ஓசை கேட்கும். துப்பாக்கி வெடித்த சத்தம் அதற்குப் பின்னால், ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி கழித்து, மந்தமாக வந்து சேரும். எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று பழகிய சிப்பாய் கணிப்பது இந்த இடைவெளியை வைத்துத்தான். வழக்கமான படங்களில் குண்டு 'விர்ர்' என்று பாடிக்கொண்டே வரும், சுடும் சத்தமும் அடி விழுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

2025-இல் வெளிவந்த 'வார்ஃபேர்' இந்தப் பழக்கத்தை விட்டொழித்திருக்கிறது. 2006 நவம்பர் 19 அன்று, ஈராக்கின் ரமாதி நகரில், அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான நேவி சீல் குழு ஒன்று ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட சம்பவம்தான் கதை. அலெக்ஸ் கார்லண்டோடு சேர்ந்து படத்தை இயக்கியிருக்கும் ரே மெண்டோசா அன்று அந்தக் குழுவில் இருந்தவர். குழுவினரின் நினைவில் நின்றது மட்டுமே திரைக்கதை என்று படம் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டிவிடுகிறது. ஓட்டம் 95 நிமிடம். தாக்குதல் தொடங்கிய பிறகு நேரத்தைச் சுருக்குவதில்லை, பின்னணி இசையும் கிடையாது.

இசையை எடுத்துவிட்டது பெரிய முடிவு. எப்போது பயப்பட வேண்டும் என்று பார்ப்பவனுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது இசைதான். அது இல்லாதபோது ரேடியோவின் இரைச்சல், வெளியே கடை அடைக்கும் ஓசை, தெரு சட்டென்று காலியாவது என ஒவ்வொன்றையும் நாமே கவனிக்க வேண்டியிருக்கிறது. முதல் அரை மணி நேரம் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. சுவரில் போட்ட ஓட்டை வழியே ஸ்னைப்பர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறார், இன்னொருவர் வருகிறவர் போகிறவரைக் குறித்துக்கொள்கிறார். கண்காணிப்பு வேலை என்பது இதுதான். கழுத்து வலிக்கும், கண் பூக்கும், கவனம் சிதறும். அந்த அலுப்பைப் படம் துணிந்து காட்டுவதால்தான், அதே ஓட்டை வழியே கைக்குண்டு உள்ளே விழும் நொடி தூக்கிவாரிப்போடுகிறது.

வெடிப்பைக் காட்டிய விதமும் சரி. சினிமாவில் பெட்ரோல் வைத்துக் கொளுத்துவார்கள், அதனால்தான் ஆரஞ்சு நிறத் தீப்பந்து எழும். உண்மையான இராணுவ வெடிமருந்தில் கண் இமைக்கும் நேர மின்னல், பிறகு சாம்பல் நிறப் புழுதி, கல், உலோகச் சில்லு. காயம்பட்டவரை ஏற்றக் கவச வண்டி வந்து நிற்க, வாசலுக்கு வெளியே கண்ணிவெடி வெடிக்கும்போது அதைத்தான் பார்க்கிறோம். அடுத்து வரும் ஒலி வடிவமைப்பு பாடமாக வைக்கத் தகுந்தது. காற்றழுத்தம் 35 கிலோபாஸ்கல் அளவுக்கு எகிறினாலே செவிப்பறை கிழியத் தொடங்கும். கிழியாவிட்டாலும் காது அடைத்து ரீங்காரமிடும். காட்சி யாருடைய பார்வையில் இருக்கிறதோ அவருடைய காதுக்கு எட்டும் அளவுதான் நமக்கும் கேட்கிறது. ஆள் மாறும்போது கேட்பதும் மாறுகிறது.

வெடி அதிர்வு மூளையையும் விடாது. வில் போல்ட்டர் நடிக்கும் குழுத் தலைவர் அதற்குப் பிறகு ஒரு கட்டளைகூடக் கொடுக்க முடியாமல் நின்று, தன்னால் ஆகாது, நீ ஏற்றுக்கொள் என்று பொறுப்பை இன்னொருவரிடம் விட்டுவிடுகிறார். இதைக் கோழைத்தனமாகக் காட்டாமல் காயமாகக் காட்டியதற்காகவே படத்தை மதிக்கிறேன்.

முதலுதவிக் காட்சிகளில் நின்று பார்க்க நிறைய இருக்கிறது. இரத்தப்போக்கை நிறுத்தக் கை, காலைச் சுற்றி இறுக்கும் டூர்னிக்கெட் பட்டையைக் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே கட்ட வேண்டும். காயம் எங்கே என்று தெரியாவிட்டால் தொடையின் மேல்முனையில். பட்டையில் உள்ள குச்சியைத் திருகி, இரத்தம் நிற்கும் வரை இறுக்க வேண்டும். அரைகுறையாக இறுக்கினால் சிரை மட்டும் அடைபடும், தமனி ஓடிக்கொண்டே இருக்கும், இரத்தப்போக்கு கூடிவிடும். சரியாக இறுக்கினாலோ வலி தாங்க முடியாது. படங்களில் பெல்ட்டால் ஒரு கட்டு போட்டதும் அடிபட்டவர் வசனம் பேச ஆரம்பித்துவிடுவார். இங்கே ஜோசப் குவின் நடிக்கும் சாம் கத்துகிறார், நிறுத்தாமல் கத்துகிறார். குறுகிய அறையில் நடக்கிறவர்கள் அவர் காலையே மிதித்துவிடுகிறார்கள். வலியைக் குறைக்கும் மார்ஃபின் ஊசியைத் தலைகீழாகப் பிடித்த ஒருவர் தன் கையிலேயே குத்திக்கொள்கிறார். பயிற்சி பெற்ற கை பதற்றத்தில் இப்படித்தான் தவறும்.

தாழப் பறந்து மிரட்டிவிட்டுப் போகும் போர் விமானக் காட்சி மட்டும் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப்பட்டது. தன் ஆட்களும் பொதுமக்களும் இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும்போது குண்டு போட முடியாது, சத்தத்தால் எதிரியைப் பதுங்க வைப்பார்கள், அது உண்மை. ஆனால் தெரு முழுவதும் புழுதிச் சுவராக எழும் அளவில் கணினியின் கை தெரிகிறது.

பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வீடு ஈராக்கியக் குடும்பங்களுடையது. நள்ளிரவில் எழுப்பி, சுவரைச் சம்மட்டியால் உடைத்து, குழந்தைகளோடு அவர்களை ஓர் அறைக்குள் உட்கார வைத்துவிட்டுத்தான் இவ்வளவும் நடக்கிறது. அவர்கள் அந்த அறைக்குள் கழித்த மணி நேரங்கள் படத்தில் கிட்டத்தட்ட இல்லை. குழுவோடு வந்த இரண்டு ஈராக்கியர்களை முதலில் வெளியே அனுப்புகிறார்கள், வெடி அவர்களைத்தான் முதலில் தாக்குகிறது. அந்த முடிவு ஏன், அது சரியா என்று படம் நின்று கேட்பதில்லை. நினைவு மட்டுமே ஆதாரம் என்ற விதி நேர்மையானதுதான், ஆனால் யாருடைய நினைவு என்பதில் அது ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. அந்தக் குடும்பங்களின் நினைவையும் இதே கண்டிப்போடு கேட்டு எழுதியிருந்தால் இன்னும் முழுமையான உண்மை கிடைத்திருக்கும்.

பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. தலைக்கவசமும் புழுதியும் மூடிய முகங்களில் யார் யார் என்று பிரிப்பது கடினம். அமெரிக்க இராணுவத்தின் குழூஉக்குறிகளுக்கு விளக்கமும் தருவதில்லை. சப்டைட்டில் போட்டுக்கொண்டால் ரேடியோ பேச்சில் பாதியாவது பிடிபடும்.

வீட்டில் பார்ப்பதானால் ஒலிதான் முக்கியம். டிவியிலோ சவுண்ட்பாரிலோ 'நைட் மோட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். அது கிசுகிசுப்பை ஏற்றி வெடிப்பை இறக்கி இரண்டையும் சமமாக்கிவிடும், படத்தின் உழைப்பு முழுக்க வீணாகும். கைபேசி ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், அதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகள் பெரிதாக வராது. தாழ்ந்த ஒலிகளுக்கான சப்-வூஃபர் ஸ்பீக்கர் இல்லையென்றால் காதை மூடும் ஹெட்போன் போதும். வசனம் காதில் விழும் அளவுக்குச் சத்தத்தை முதல் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். போரை நேரில் அனுபவித்தவர்கள் உடன் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். சாமின் அலறல் பல நிமிடங்களுக்கு ஓயாது.