வயது 53, படுக்கை இல்லை: ஆம்ஸ்டர்டாமில் மலிவு விடுதி பதிவு செய்வோர் கவனத்துக்கு

இரண்டு பேருக்கு மூன்று இரவுக்கு 276 யூரோ முன்கூட்டியே கட்டியிருந்தோம். இரவு பத்தரை மணிக்கு வரவேற்பு மேசையில் என் பாஸ்போர்ட்டைத் திறந்து பிறந்த ஆண்டைப் பார்த்த இளைஞர், "உங்களுக்கு இங்கே படுக்கை கிடையாது. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களைப் பலர் சேர்ந்து தங்கும் பொது அறையில் நாங்கள் அனுமதிப்பதில்லை" என்றார். எனக்கு வயது 53. அவர் சொன்னது என் காதில் ஏறவே சிறிது நேரம் பிடித்தது.

கடந்த செப்டம்பரில் நடந்தது இது. ஜெர்மனியின் ஆகன் நகரில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுக்கு வகுப்பு இல்லாத நான்கு நாளில் ஆம்ஸ்டர்டாம் போய்வரலாம் என்று திட்டம். ஓட்டல் விலைகளைப் பார்த்ததுமே அந்த எண்ணத்தைக் கைவிட்டோம். பெண்கள் மட்டும் தங்கும் ஆறு படுக்கை அறை ஒன்று, ஒரு படுக்கை ஓர் இரவுக்கு 46 யூரோ என்று ஒரு முன்பதிவுத் தளத்தில் கிடைத்தது. "அம்மா, அடுக்குக் கட்டிலில் படுப்பீர்களா?" என்று மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். திருமணத்துக்கு முன் ஆறு ஆண்டுகள் திருச்சியில் வேலைபார்க்கும் பெண்கள் விடுதியில் இருந்தவள் நான். ஓர் அறையில் ஐந்து பேர், ஒரே மின்விசிறி. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஹாஸ்டல் என்றால் நம் ஊரில் வார்டனும் வருகைப் பதிவும் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் பயணிகள் தங்கும் ஹாஸ்டல் வேறு வகை. ஆனால் அதன் வேர் நாம் நினைப்பதைவிட நமக்கு நெருக்கமானது. ரிச்சர்டு ஷிர்மன் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர், மாணவர்களை நடைப்பயணம் அழைத்துச் சென்றபோது தங்க இடமில்லாமல் தவித்த அனுபவத்திலிருந்துதான் இளைஞர் விடுதி என்ற எண்ணமே பிறந்தது. 1912இல் ஆல்டனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி அமைந்தது. அந்தக் கோட்டைக்கு முந்தைய வாரம்தான் மகள் என்னை அழைத்துப் போயிருந்தாள். அன்றைய மரக்கட்டில்களை இன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். நானும் ஓர் ஆசிரியை. அந்தக் கட்டில்களுக்கு முன் நெடுநேரம் நின்றிருந்தேன். ஆம்ஸ்டர்டாமில் எனக்கு நடந்தது இவ்வளவு வலித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் பஸ் எய்ந்தோவன் பக்கம் நெரிசலில் சிக்கியது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்லோட்டர்டைக் நிலையத்தில் இறங்கும்போது ஒன்பதே முக்கால். அங்கிருந்து மத்திய நிலையம் ரயிலில் சில நிமிடம்தான். வங்கி அட்டையையே வாயிலில் தொட்டு உள்ளே போகலாம். இறங்கும்போது மறக்காமல் மறுபடி தொட வேண்டும். விடுதி, மத்திய நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், வார்முஸ்ஸ்ட்ராட் தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது. 'மையமான இடம்' என்று தளத்தில் போட்டிருந்தது பொய்யில்லை. ஆனால் அந்த மையம் எது என்று யாரும் சொல்லவில்லை. சிவப்பு விளக்குப் பகுதியான டெ வாலன் அதை ஒட்டியே தொடங்குகிறது. மது அருந்திய கூட்டங்களுக்கு நடுவே பெட்டியை இழுத்துக்கொண்டு போனோம். யாரும் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

இனி நடந்ததை வரிசை மாறாமல் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வரிசையில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் பதிவு எண் கேட்டார்கள். அடுத்து, சுற்றுலா வரி 31 யூரோ 65 சென்ட் என்று வாங்கிக்கொண்டார்கள். தளத்தில் முதலில் காட்டிய விலையில் அது சேரவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகராட்சி 2024 முதல் தங்கும் கட்டணத்தில் 12.5 சதவீதம் வரி போடுகிறது. ஐரோப்பாவிலேயே மிக அதிகமான வரிகளில் அது ஒன்று. படுக்கைக்கும் உண்டு, மாளிகை ஓட்டலுக்கும் உண்டு. பிறகு பெட்டகத்துக்குப் பூட்டு 6 யூரோ, துண்டு ஆளுக்கு 5 யூரோ. இத்தனையும் வாங்கிய பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். அதன் பிறகுதான் வயது.

மகள் தன் கைப்பேசியில் பதிவுச் சீட்டைத் திறந்து காட்டினாள். அதில் வயதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த இளைஞர் விடுதியின் பக்கத்தைத் திறந்து, படங்கள், பாராட்டுகள், வரைபடம் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே கீழே போய், 'விடுதி விதிகள்' என்பதை அழுத்தி, அதற்குள் ஒன்பதாவது வரியைக் காட்டினார்: பொது அறைகளில் 18 முதல் 45 வயது வரை மட்டும். இருந்தது, உண்மைதான். பணம் கட்டும் பக்கத்தில் மகள் ஒரு கட்டத்தில் டிக் செய்திருந்தாள். அந்த விதிகளை ஏற்பதாக அதற்கு அர்த்தமாம். மகள் அழத் தொடங்கிவிட்டாள். தன்னால்தான் அம்மாவுக்கு இந்த அவமானம் என்று இன்றும் சொல்கிறாள். அது அவள் தவறில்லை. ஒருவரை வாசலில் திருப்பி அனுப்பக்கூடிய ஒரு நிபந்தனையை விலைக்குப் பக்கத்தில் எழுதாமல் ஒன்பதாவது வரியில் ஒளித்துவைப்பவர்கள், வாசிக்கக் கூடாது என்றே வைக்கிறார்கள்.

"இவள் தங்கலாம், உங்களுக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்யலாம்" என்றார் இளைஞர். என்ன ஏற்பாடு? அதே விடுதியின் பின்கட்டில் ஒரு தனி அறை காலி. ஓர் இரவுக்கு 185 யூரோ. தனி அறைக்கு வயது வரம்பு இல்லையாம். அதே வாசல், அதே படிக்கட்டு, அதே மாடியில் பொதுக் கழிப்பறை. 46 யூரோவுக்கு ஆகாத என் வயது 185 யூரோவுக்கு ஆகிவிட்டது. நேரம் பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு இடங்களுக்குப் போன் செய்தோம். ஒன்றில் இடமில்லை, மற்றொன்றில் எடுக்கவே இல்லை. மகளைத் தனியே அந்த அறையில் விட எனக்கு மனமில்லை, என்னைத் தனியே விட அவளுக்கும் மனமில்லை. பணம் கட்டினேன்.

கட்டும்போது இன்னொரு அடி. என் இந்திய வங்கி அட்டையைச் செருகியதும் பொறி, யூரோவா ரூபாயா என்று கேட்டது. நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவரே ரூபாயை அழுத்திவிட்டார். அன்றைய விலைப்படி 19,000 ரூபாயை ஒட்டி வந்திருக்க வேண்டிய தொகை, 20,000 ரூபாயைத் தாண்டிப் போனது. ரூபாயில் கட்டினால் மாற்று விகிதத்தை நம் வங்கி வைப்பதில்லை. பொறிக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் இலாபத்தையும் சேர்த்து வைக்கிறது. ஐரோப்பாவில் எங்கே போனாலும் ரூபாயை விட்டு அந்த நாட்டு நாணயத்தையே அழுத்துங்கள், பொறியை உங்கள் கைக்கு வாங்கி நீங்களே அழுத்துங்கள். தவறாக அழுத்தப்பட்டால் அங்கேயே ரத்து செய்யச் சொல்லுங்கள். எனக்கு அப்போது அது தெரியாது.

அறை நான்காவது மாடியில். லிஃப்ட் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகளின் படிக்கட்டு எப்படி இருக்கும் என்று தெரியாமல் யாரும் அங்கே பெட்டியோடு போக வேண்டாம். குறுகலான மனைகளில் உயரமாகக் கட்டிய வீடுகள் அவை. படிகள் செங்குத்தாக, ஏறக்குறைய ஏணி போல இருக்கும், பாதி பாதம்தான் வைக்க இடம். மறுநாள் காலையில் பார்த்தேன்: வீடு தவறாமல் முகப்பின் உச்சியில் ஓர் உத்திரமும் கொக்கியும் நீட்டிக்கொண்டிருந்தன. மேசை, கட்டில் எதையும் படி வழியே ஏற்ற முடியாது என்பதால் கயிறு கட்டி சன்னல் வழியாக ஏற்றுகிறார்கள். என் முழங்காலும் இருபது கிலோ பெட்டியும் அந்தப் படியில்தான் ஏறின. மகள் கீழிருந்து தாங்கிக்கொண்டே வந்தாள். அறைச் சன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். கஞ்சா நெடி இரவு முழுவதும் வந்தது. தெருவில் கூச்சல் நான்கு மணிக்குத்தான் ஓய்ந்தது.

காலையில் மேலாளரிடம் பேசினோம். மீதி இரண்டு இரவுகளுக்கான பணத்தையாவது தரச் சொன்னோம். 'திரும்பப் பெற முடியாத கட்டணம்' என்ற ஒரே பதில். ரத்து செய்யக்கூடிய கட்டணத்தைவிட 30 யூரோ குறைவு என்று மகள் தேர்ந்தெடுத்தது அது. எனக்குப் படுக்கையே தராத நிலையில் எனக்கான வரியை எப்படி வாங்கலாம் என்று கேட்டபோது மட்டும் அவர் பேசாமல் 15 யூரோ 82 சென்ட்டை எண்ணி வைத்தார். திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

பிறகு நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஐரோப்பாவில் சட்டம் நம்மைக் காக்கும்" என்று நான் நம்பியிருந்தேன். இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பலாம் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி, குறிப்பிட்ட தேதிக்குச் செய்யும் தங்குமிடப் பதிவுக்குப் பொருந்தாது. வயதைக் காரணம் காட்டி வேற்றுமை பார்க்கக் கூடாது என்ற நெதர்லாந்துச் சட்டம் வேலைவாய்ப்புக்கும் தொழிற்கல்விக்கும் மட்டும்தான்; விடுதியில் படுக்கை தருவதற்கு இல்லை. பொருள், சேவைகளுக்கும் அதை விரிவாக்கும் ஐரோப்பிய முன்மொழிவு 2008இல் வந்தது, நிறைவேறவே இல்லை. அட்டை வழங்கிய வங்கியில் மகள் புகார் கொடுத்தாள்; நிபந்தனையை ஏற்றுத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள் என்று முடித்துவிட்டார்கள். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கேட்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமில் இத்தகைய வயது வரம்பு வைத்திருக்கும் விடுதிகள் பல. மேல் வரம்பு 35, 40, 45 என்று விடுதிக்கு விடுதி மாறும். வரம்பே இல்லாத விடுதிகளும் உண்டு. குடும்பங்களைக் குழந்தைகளோடு வரவேற்கும் விடுதிகளும் உண்டு. பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் நம்மில் எத்தனை பேர்! படிக்கும் பிள்ளைகள் தங்களுக்குப் பழகிய மலிவு விடுதியில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து விடுதிக்கே நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: வருபவரின் வயது இது, பொது அறையில் தங்கலாமா, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, எத்தனை மணி வரை வந்து சேரலாம், வரியோடு மொத்தம் எவ்வளவு. பதிலை அச்செடுத்துப் பெட்டியில் வையுங்கள். பதிவு செய்த அட்டையையும் அதே பெயருள்ள பாஸ்போர்ட்டையும் கேட்கும் விடுதிகள் இருக்கின்றன. பிள்ளையின் அட்டையில் பெற்றோருக்கு மட்டும் பதிவு செய்தால் அதையும் கேட்டுவிடுங்கள். பழைய பயணக் குறிப்புகளில் படித்த விலையை நம்ப வேண்டாம். தங்குமிடங்களுக்கான மதிப்புக் கூட்டு வரி 2026 ஜனவரி முதல் 9இலிருந்து 21 சதவீதமாகிவிட்டது. துலிப் மலரும் ஏப்ரலிலும், ஏப்ரல் 27 மன்னர் தினத்தை ஒட்டியும் விலை இன்னும் ஏறும்.

ரத்து செய்யக்கூடிய கட்டணத்தையே எடுங்கள். விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது என்பதற்காகத் திரும்பப் பெற முடியாத பதிவை யாரும் அவசரத்தில் செய்துவிட வேண்டாம்.

ஊர் நடுவில் தங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. நாங்கள் மறுநாள் காலையிலேயே ஹார்லெம் போய்விட்டோம். அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் ரயிலில் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வயது கேட்காத விடுதி, காலை உணவோடு. கட்டிலைக் காட்டிய பெண் என் முழங்காலைப் பார்த்துவிட்டுத் தானாகவே கீழ்ப்படுக்கையை ஒதுக்கினார். ஊருக்குள்ளேயே வேண்டும் என்றால் மத்திய நிலையத்துக்குப் பின்புறம் ஐ நீர்வழிக்கு அப்பால் இருக்கும் நோர்ட் பகுதியைப் பாருங்கள். படகு இலவசம். இரவிலும் ஓடுகிறது.

என்னோடு பணிபுரியும் ஆசிரியை ஒருவர் வரும் டிசம்பரில் மகனைப் பார்க்கப் போகிறார். வயது 56. மூன்று விடுதிகளுக்கு அவர் பெயரில் நானே மின்னஞ்சல் எழுதிக் கொடுத்தேன். இரண்டு இடங்களிலிருந்து வயது வரம்பு இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது. ஒன்றில் லிஃப்ட்டும் இருக்கிறதாம். மூன்றாவது விடுதி பத்து நாளாகியும் பதில் எழுதவில்லை. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.