கொலுசா, ஒலிப் பட்டையா, அதிர்வுப் பட்டையா: பார்வையில்லாத சின்னக் குழந்தைக்கு எது, எப்போது?

பார்வையுள்ள குழந்தை நாலைந்து மாதத்திலேயே கண்ணில் படும் பொம்மையை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தை சத்தத்தை மட்டும் வைத்துக் கை நீட்டுவது பெரும்பாலும் ஒரு வயது நெருங்கும்போதுதான். காதில் குறையில்லை. சத்தம் வரும் இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது, நம் கை அங்கே எட்டும் என்பது அதுவரை பிடிபடுவதில்லை. உடம்பில் அணிவிக்கும் கருவிகளின் வேலை அதைப் புரியவைப்பதுதான். அதனால் எதை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, சத்தமோ அதிர்வோ குழந்தையின் சொந்த அசைவால், அசைந்த உறுப்பிலேயே, அசைந்த கணத்திலேயே வருகிறதா என்பதை.

இந்தப் பரீட்சையில் மணி வைத்த கொலுசும் சலங்கையும் நன்றாகவே தேறுகின்றன. தாமதம் கிடையாது, சார்ஜ் போட வேண்டாம். மணியோசையில் பல சுருதிகள் கலந்திருப்பதால் எங்கிருந்து வருகிறது என்று காது சுலபமாகப் பிரித்துவிடும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து வேறெதையும் வாங்கத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

ஆனால் இரண்டு காலிலும் ஒரே மணி என்றால் எந்தக் கால் அசைந்தது என்று தெரியாது. ஒரு பக்கம் மட்டும் போடுங்கள். யாராவது தூக்கினாலும் மணி குலுங்கும், அது குழந்தையின் அசைவல்ல. எனவே நாள் முழுக்க வேண்டாம், விளையாட்டு நேரத்துக்கு மட்டும். நடக்க ஆரம்பித்த பிறகு, சுவர் பக்கத்தில் வரும்போது மாறும் எதிரொலிதான் குழந்தைக்குச் சுவரைக் காட்டும், அதை மணி மூடிவிடும். வெள்ளிக் கொலுசின் திருகாணியும் முத்தும் கழன்று வாய்க்குள் போகக்கூடியவை. பருத்தித் துணியை இரட்டையாக மடித்து உள்ளே மணியை வைத்துத் தைத்த பட்டையே பாதுகாப்பு. தையலை ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்த பிறகு கட்டுங்கள்.

மின்னணு ஒலிப் பட்டையில் ஆய்வு வழியாக வந்தது இத்தாலியின் ஜெனோவாவில் உருவான 'ஆபி'. 2014-இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் அது. கை அசைந்தால் ஒலிக்கும், நின்றால் அடங்கும். கொலுசைவிட இது மேல் என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு: அதே ஒலியை அம்மாவின் மணிக்கட்டுக்கு மாற்றிவிடலாம். "என் கை இப்படி ஒலித்தது, இப்போது அங்கே ஒலிப்பது அம்மாவின் கை" என்று குழந்தை கோத்துக்கொள்கிறது. 6 முதல் 17 வயது வரையிலானவர்களிடம் 12 வாரப் பயிற்சியில் நடமாட்டமும் இட உணர்வும் மேம்பட்டன. அதைவிடச் சின்னவர்களுக்கு இதே பலன் கிடைக்கும் என்று நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பாகம் வாங்கி இந்த ஒலிப் பட்டையைச் செய்து தரச் சொல்பவர்கள் அதிகம். MPU-6050 என்ற அசைவு சென்சார், அதை இயக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சில்லு, 8 ஓம் ஸ்பீக்கர், கெட்டியான உறை, அவ்வளவுதான். கெடுவது மூன்று இடங்களில். விலை மலிவு என்று பஸர் போடுவார்கள். அதன் ஒற்றைக் கீச்சொலி பெரும்பாலும் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் விழும், அங்கேதான் திசை கண்டுபிடிக்கக் காது தடுமாறும். சரசரப்பான ஒலியை ஸ்பீக்கரில் கொடுங்கள். இரண்டாவது, சென்சார் காட்டும் அளவிலிருந்து புவியீர்ப்பைக் கழிக்காமல் விட்டால் கை சும்மா சாய்ந்திருக்கும்போதும் பட்டை கத்தும். மூன்றாவதுதான் மோசம்: சத்தத்தை ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்புவது. அசைவு இங்கே, ஒலி அலமாரியில், அதுவும் தாமதமாக. இந்தக் கருவியின் நோக்கமே அங்கே செத்துவிடும்.

பட்டன் பேட்டரி வேண்டவே வேண்டாம். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரிக்க ஆரம்பித்துவிடும். எந்த பேட்டரியானாலும் ஸ்க்ரூ போட்டு மூடிய உறைக்குள்தான் இருக்க வேண்டும். சென்னை வேர்வைக்கு சிலிக்கோன் பட்டை வேர்க்குருவைக் கிளப்பும். துண்டுத் துணிப் பட்டை போதும், தினம் ஒன்றாக மாற்றித் துவைக்க இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரே தடை வந்தால் அதிரும் அதிர்வுப் பட்டையைப் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். மூன்று வயதுக்குள் இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 'அதிர்வு கூடினால் பொருள் கிட்டே' என்பது ஒரு குறியீடு. முன்னே, தூரம் என்பதெல்லாம் பிடிபட்ட பிறகுதான் அது புரியும். விடாமல் அதிர்ந்தால் தோல் அதைக் கவனிப்பதையே நிறுத்திவிடும், எனவே விட்டு விட்டுத் துடிக்க வேண்டும். மலிவான அல்ட்ராசானிக் சென்சார் காகிதத்தில் 4 மீட்டர் காட்டும். நம் வீட்டில் கொடியில் தொங்கும் புடவை அதன் ஒலியை உறிஞ்சிவிடும், சாய்ந்து நிற்கும் கதவு வேறு பக்கம் திருப்பிவிடும். லேசர் வகை மொட்டைமாடி வெயிலில் குழம்பும்.

தத்தித் தத்தி நடக்கும் வயதில் தடைக்கென்று ஒன்று வேண்டுமானால் பெல்ட் கேன் (இடுப்பில் மாட்டும் தடி) தான் நல்லது. இடுப்பு பெல்ட்டில் காந்தத்தால் ஒட்டும் செவ்வகச் சட்டம். குழந்தை இடிப்பதற்கு முன் சட்டம் இடிக்கும். ஒண்டுக்குடித்தன அறையில் கட்டில் காலில் மாட்டும் என்பது நிஜம். தாழ்வாரம், பூங்கா என்றால் நன்றாக ஓடும்.

ஒலிப் பட்டைப் பயிற்சிக்கு பத்து நிமிடம் போதும். டிவி, மிக்ஸி, மின்விசிறி மூன்றும் நிற்க வேண்டும். மே மாதத்தில் அது காலை ஆறு மணிக்குத்தான் சாத்தியம். பட்டையை ஒரு கையில் கட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள், குழந்தையே கண்டுபிடிக்கட்டும். பிறகு பழகிய டம்ளரை விரலில் தொடவைத்து, பத்து சென்டிமீட்டர் நகர்த்துங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கையைக் குழந்தையின் கைக்கு அடியில் கொடுத்து அழைத்துப் போங்கள். அடுத்து பட்டை உங்கள் கைக்கு: முதலில் எதிரே, பின்பு பக்கவாட்டில், முதுகுப் பக்கம் கடைசியில். சத்தத்துக்காகவே கையை ஓயாமல் உதற ஆரம்பித்தால் அன்றைக்குக் கழற்றிவிடுங்கள்.

குறைமாதக் குழந்தைக்குக் கேட்கும் திறனும் பாதிக்கப்பட்டிருக்கலாம். பெரா (BERA) என்ற செவித்திறன் பரிசோதனை செய்யாமல் ஒலிக் கருவிக்குப் பணம் போடாதீர்கள். மூளை சார்ந்த பார்வைக் குறைபாடு என்றால் ஒலி, அதிர்வு, வெளிச்சம் எல்லாம் சேர்ந்து வரக் கூடாது, ஒரு நேரத்தில் ஒன்று. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆரம்பநிலைப் பயிற்சிப் பிரிவில் குழந்தையைக் காட்டி, எஞ்சிய பார்வை எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகு பட்டையைத் தேர்ந்தெடுங்கள்.