உப்புக்காற்றைத் தாங்குவது எது: அக்ரிலிக்கா, சிலிக்கோனா, எபாக்ஸியா?

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் கேட் விளக்கின் டிரைவரோ (விளக்குக்கு ஏற்ற மின்சாரத்தைத் தரும் சுற்று), மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரை இயக்கி நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவியோ பழுதாகிக் கழற்றப்படும்போது, உள்ளே எரிந்த உதிரிப்பாகம் எதுவும் கண்ணில் படாமல் போவதுண்டு. மின்சுற்றுப் பலகையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும். கபாசிட்டரின் இரு கால்களுக்கிடையே பச்சைக் களிம்பு படர்ந்திருக்கும். மேற்பூச்சுக்கு அடியில் செம்புத் தடம் ஓரிடத்தில் கறுத்து, அறுந்தே போயிருக்கும். அறுந்த தடத்தை மட்டும் ஒட்டி அப்படியே மாட்டினால், அடுத்த இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு அதே பலகை மீண்டும் மேசைக்கு வந்து சேரும். உப்புக்காற்றைத் தடுக்கப் பலகைமேல் ஒரு பூச்சு வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எதைப் பூசுவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது.

கடல் உப்பின் பெரும்பகுதி சோடியம் குளோரைடு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் அது ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும்; உடன் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கிவிடும். ஆகையால் மழைத்துளி ஒன்றுகூட விழாத பெட்டிக்குள்ளும், உப்புப் படிந்த பலகை இரவெல்லாம் நனைந்தே இருக்கிறது. மின்னழுத்தம் உள்ள இரு தடங்களுக்கு இடையே இந்த ஈரப்படலம் நின்றால், உலோகம் ஒரு முனையில் கரைந்து மறுமுனையிலிருந்து வேர்விட்டு வளர்ந்து இரண்டையும் இணைத்துவிடும். எப்போதும் மின்சாரத்தோடு இணைந்தே இருக்கும் கருவிகள் மற்றவற்றை முந்திக்கொண்டு கெடுவதற்கு இதுவே காரணம்.

மூன்று பூச்சுகளையும் ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உப்பை உள்ளே வைத்துப் பூசினால் எந்தப் பூச்சும் உதவாது. மாறாக, அரிப்பு பூச்சுக்கு அடியில் மறைந்து நடக்கும். பலரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பல்துலக்கும் பிரஷைத் தோய்த்துத் துடைத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். அது சால்டரிங் ஃப்ளக்ஸைக் கரைக்குமே தவிர, உப்பு அதில் கரைவது மிகமிகக் குறைவு. உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். எனவே பேட்டரிக் கடைகளில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரால் பலகையை முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, அதன்பின் ஆல்கஹாலால் அந்த நீரை வெளியேற்றி, மதிய வெயிலிலோ ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்திலோ சில மணி நேரம் உலர்த்த வேண்டும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ பயன்படுத்தினால் ஓர் உப்பை எடுத்து இன்னோர் உப்பை வைத்ததாகவே ஆகும். மூடப்படாத ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்), பஸ்ஸர், திருகிச் சரிசெய்யும் பிரீசெட் ஆகியவற்றை நீர் அணுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 230 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் பலகையாக இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பெரிய கபாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கக்கூடும் என்பதால், 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட பிடியுடன் அதன் முனைகளில் சில நொடிகள் வைத்து, மீட்டரில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பின்னரே கை வைக்க வேண்டும்.

இனி அக்ரிலிக். ஸ்பிரே டப்பாவிலும், பிரஷால் பூசும் திரவமாகவும் இது கிடைக்கிறது. இதன் பெரிய நன்மை, மீண்டும் கரைத்து எடுக்க முடியும் என்பதே. ஒரு டிரான்சிஸ்டரை மாற்ற நேர்ந்தால், பஞ்சுக்குச்சியில் சிறிது அசிட்டோனைத் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அவ்விடத்தில் மறுபூச்சுப் பூசிவிடலாம். (அசிட்டோன் சில பிளாஸ்டிக் கனெக்டர்களையும் கரைக்கும் என்பதை மறக்கலாகாது.) மின்னணுத் தொழில்துறைக்கான ஐபிசி (IPC) தர நெறிகள் அக்ரிலிக்குக்குக் குறிக்கும் தடிமன் 30 முதல் 130 மைக்ரான் வரை, ஒரே தடவையில் கொட்டுவதுபோல் அடிக்காமல், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை, திசையை மாற்றி மாற்றி அடித்தால்தான் இந்த அளவு சீராக அமையும். திரவம் கூரிய விளிம்புகளிலிருந்து விலகி ஓடும் தன்மையுடையது என்பதால், சமதளத்தில் தடிமனாகவும், உதிரிப்பாகங்களின் கால்களில், அதாவது மிகவும் தேவைப்படும் இடத்தில், மெல்லியதாகவும் நின்றுவிடுகிறது. கோணம் மாற்றி அடிப்பதற்கும், அடிப்பக்கத்தில் தனியாக ஒருமுறை அடிப்பதற்கும் இதுவே காரணம்.

நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்வதால், ஈரமற்ற நாள்கள் குறைவு. கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. மழைநாளாக இருந்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, பூச்சு பால்போல வெளுத்துப் பிடிமானத்தை இழக்கிறது. மாசி, பங்குனி மாத நண்பகல் இந்த வேலைக்கு ஏற்றது; ஆடியில் செய்தே தீர வேண்டுமென்றால், பலகையை இளஞ்சூடாக்கிக்கொண்டு அடிப்பது நல்லது.

சிலிக்கோனின் வலிமை வேறு வகையானது. ஏறத்தாழ 200 பாகை வரை வெப்பத்தைத் தாங்கும். அக்ரிலிக் 125 பாகைக்கு அருகிலேயே தளர்ந்துவிடும். ரப்பர்போல வளைந்துகொடுப்பதால், பகலில் வெயிலில் காய்ந்து இரவில் குளிரும் கேட் விளக்குப் பலகையில் அது வெடிப்பதில்லை. நீராவி அதனூடே ஓரளவு புகும் என்பது உண்மையே. ஆனால் சுத்தமான பலகையில் அது இறுகப் பற்றிக்கொள்வதால், நீர் படலமாகத் தங்குவதற்கு இடைவெளி கிடைப்பதில்லை. கழுவாமல் பூசினால் இந்த நன்மை முழுவதும் போய்விடும்.

இங்கேதான் பெரிய கண்ணி இருக்கிறது. நாகர்கோவிலின் எந்த ஹார்டுவேர் கடையிலும் கண்ணாடிக்கும் குளியலறைக்கும் பயன்படும் சிலிக்கோன் குழாய் எளிதாகக் கிடைக்கும். அவற்றில் பல, இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை. பிதுக்கியவுடன் மூக்கில் ஏறும் வினிகர் நெடி அதன் அடையாளம். அந்த அமிலம் செம்பை அரிக்கும் என்பதால், உப்புக்குப் பயந்து அமிலத்தைப் பூசிய கதையாகிவிடும். வேண்டியது ‘நியூட்ரல்’ வகை. குழாயின் மேல் அச்சொல் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். மேலும், சிலிக்கோன் காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகுவது. வகையைப் பொறுத்து நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழமே இறுகும் என்பதால், ஆழமான பெட்டியை ஒரே மூச்சில் நிரப்பினால் நடுப்பகுதி நெடுநாள் பசையாகவே கிடக்கும். இன்னொரு குறையைப் பலர் அறிவதில்லை. சிலிக்கோனிலிருந்து கசியும் ஆவி, திறந்த ரிலேயின் தொடுமுனைகளில் பொறி பறக்கும்போது மணல்போன்ற சிலிக்காவாகப் படிந்து, மின்தொடர்பைக் கெடுக்கக்கூடும். ஆதலால் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவி போன்ற ரிலே உள்ள பலகைகளுக்கு நான் சிலிக்கோனைப் பரிந்துரைப்பதில்லை. பழுதுபார்ப்பதும் எளிதன்று, நகத்தாலும் பல்குத்தியாலும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் வேறு பூச்சு ஒட்டாது.

எபாக்ஸியில் பலகையையே புதைத்துவிடுவது மூன்றாவது வழி. நீரைத் தடுப்பதில் இதற்கு நிகர் மற்ற இரண்டும் இல்லை; ஆனால் புதைத்தது புதைத்ததுதான், பத்து ரூபாய் உதிரிப்பாகம் ஒன்று செத்தாலும் முழுப் பலகையும் குப்பைக்குப் போகும். இறுகும்போது வெப்பம் உண்டாவதால் மொத்தமாக ஊற்றாமல் அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும். பலகையும் எபாக்ஸியும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், கண்ணாடி உடலுடைய டையோடுகளும் ஃபெரைட் கட்டைகளும் நாளடைவில் விரிசல் காணக்கூடும். எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரின் தலையில் உள்ள அழுத்தம் தணிக்கும் வெட்டுக்கோட்டை மூடிவிடுவதும் ஆபத்தே. கிணற்றுக்குள் தொங்கும் நீர்மட்ட உணரியின் வயர் இணைப்புக்கு எபாக்ஸியைத் தவிர வேறெதையும் நம்ப மாட்டேன்; மற்றபடி வீட்டுப் பட்டறையில் இதற்கு வேலை குறைவு.

கடற்கரையில் ஃபைபர் வள்ளம் செய்யும் இடங்களில் ரெசின் மலிவாகக் கிடைப்பதால், அதையே பலகைமேல் ஊற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது பாலியெஸ்டர் ரெசின், எபாக்ஸி அன்று. இறுகும்போது எபாக்ஸியைவிடப் பல மடங்கு சுருங்கி, சால்டரிங் இணைப்புகளை இழுத்து அறுத்துவிடக்கூடும். அங்கே வேலை பழகியவர்கள் எபாக்ஸியைக் கலக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது: வள்ள ரெசினில் கெட்டலிஸ்டைச் சற்றுக் கூட்டினால் விரைவில் இறுகும், எபாக்ஸியில் ஹார்டனரின் விகிதம் பிசகினால் விரைவு கிடைக்காது, என்றும் முழுமையாக இறுகாத பசையே மிஞ்சும்.

நகப்பூச்சு, மெழுகு, சூட்டுப்பசை ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேச ஒன்றுமில்லை. முதலாவது காய்ந்து பொறுக்குவிடும். பின்னிரண்டும் வெயிலில் இளகும். மோட்டார் வைண்டிங் கடைகளில் பயன்படும், காற்றில் உலரும் இன்சுலேட்டிங் வார்னிஷ் இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆயினும் காய்ந்த பிறகு அதைக் கரைத்து எடுப்பது கடினம்.

கடலிலிருந்து விலகிய குலசேகரம், அருமனைப் பக்கங்களில் கணக்கு வேறு. அங்கே உப்பைவிட ஈரமும், பெட்டிக்குள் குடியேறும் எறும்பும் பல்லியுமே தொல்லை. ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையின் அருகே பலகை இருந்தால், ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவியும் செம்பைத் தின்னும். இவற்றுக்கு அக்ரிலிக் இரண்டு பூச்சும், துளைகளை மூடும் நுண்ணிய கம்பிவலையும் போதும்.

ஆக, ரிலே உள்ள கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இன்வெர்ட்டர் பலகைக்கும் அக்ரிலிக்கையே நான் தேர்ந்தெடுப்பேன். உப்பைத் தடுப்பதில் அது முதலிடம் வகிக்காவிட்டாலும், மறுமுறை பழுது வரும்போது பலகையைக் காப்பாற்ற விடுவது அதுதான். சூடேறும் வெளிப்புற விளக்கின் டிரைவருக்கு மட்டும் நியூட்ரல் சிலிக்கோன்.

எதைப் பூசினாலும் கனெக்டர்களையும் ஸ்குரூ முனைகளையும் பூசுவதற்கு முன் டேப்பால் மறைக்க வேண்டும் என்பதால், அவை கடைசிவரை திறந்தே இருக்கும். உப்பு அடுத்து பற்றுவது அங்கேதான். வயரின் இழைகளில் ஈயம் ஏற்றி ஸ்குரூவில் முடுக்கும் பழக்கம் நம் எலக்ட்ரீஷியன்களிடம் பரவலாக உண்டு. அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி இணைப்பு தளர்ந்து சூடாகும் என்பதால், அதற்குப் பதிலாக வயர் முனையில் லக் (உலோக முனைத்துண்டு) வைத்து நசுக்கி, முதலில் ஸ்குரூவை இறுக முடுக்கி, அதற்குப் பின்னரே மேலே சிறிது பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவ வேண்டும். வயர்கள் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையுமுன் சற்றுக் கீழே தொங்கி மேலேறினால், வயர்வழி இறங்கும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.