ஆறடிப் பாயும் ஏழு பின்சாய்கோடும்

பத்தமடைப் பாய் விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு 2011-ல் ஆர்டர் எடுக்க பிஎச்பி என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். இன்றும் ஓடுகிறது. இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் படுத்தியது \ என்கிற பின்சாய்கோடுதான்.

பாயின் அளவை 6'×4' என்று அடிக்குறி போட்டுத்தான் எழுதுவார்கள். சேமித்தால் 6\' ஆகிவிடும். கல்யாணத் தேதி மாறிவிட்டது என்று திறந்து திரும்பச் சேமித்தால் மூன்று கோடு. இன்னொரு தடவை சேமித்தால் ஏழு. சீட்டைப் பார்த்துவிட்டு நெய்கிற அக்கா போன் போட்டார்: "தம்பி, ஆறு பக்கத்துல வேலி அடைச்சிருக்கியளே, அதையும் நெய்யணுமா?" கேலிதான். ஆனால் கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பெயரையே கோரையில் நெய்கிறவர்கள். பெயருக்குள் கோடு விழுந்திருந்தால் என் கதி என்ன?

அந்த சர்வரில் மேஜிக் கோட்ஸ் என்ற பிஎச்பி வசதி ஆன் செய்யப்பட்டிருந்தது. படிவத்தில் வரும் மேற்கோள்குறிக்கு (அடிக்குறியும் அதே குறிதான்) முன்னால் அதுவே ஒரு கோடு போட்டுவிடும்; மதிப்பு அங்கேயே முடிந்தது என்று டேட்டாபேஸ் தப்பாக எடுக்காமல் இருக்கத்தான் அது, இதுதான் எஸ்கேப் செய்வது. அது தெரியாமல் நானும் அதே வேலை செய்யும் மைஎஸ்கியூஎல் ரியல் எஸ்கேப் ஸ்ட்ரிங் என்ற கட்டளையை வைத்து இன்னொரு முறை போட்டேன். ஒரு சுற்றை டேட்டாபேஸ் உரித்துவிடும், மற்றது டேபிளிலேயே தங்கிவிடும்.

முதலில் திரையில் காட்டும்போது மட்டும் கோட்டை உரிக்கும் ஸ்ட்ரிப்ஸ்லாஷஸ் கட்டளையைப் போட்டு மறைத்தேன். சோம்பேறி வைத்தியம், உள்ளே புண் வளர்ந்துகொண்டே இருந்தது. டேபிளில் 6' எத்தனை எழுத்து என்று நேராக எண்ணிப் பாருங்கள். இரண்டுக்குப் பதில் மூன்று வந்தால் கோளாறு சேமிக்கும் இடத்தில்.

2012-ல் வந்த பிஎச்பி 5.4 மேஜிக் கோட்ஸை அடியோடு நீக்கியது. சர்வர் மாறியதும் நான் டேட்டாபேஸோடு பேச பிடிஓ பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட் என்ற முறைக்கு வந்துவிட்டேன். வினவல் தனி, மதிப்பு தனி. நான் எஸ்கேப் செய்கிற வேலையே இல்லை. அதன் பிறகு ஒரு கோடுகூடக் கூடவில்லை. (வேர்ட்பிரஸ்காரர்கள் கவனம்: அது இன்றும் படிவத் தகவலுக்குத் தானே கோடு சேர்க்கிறது.)

சறுக்கியது பழைய பதிவுகளைச் சுத்தம் செய்தபோதுதான். முகவரியிலும் பின்சாய்கோடு எல்லாவற்றையும் ஒரே அடியில் அழித்தேன். ஒருவர் கதவு எண்ணை 12\4 என்றே அடித்திருந்தார். அது 124 ஆகிவிட்டது. அந்தத் தெருவில் மொத்தமே நாற்பது வீடு. பார்சல் திரும்பி வந்தது. அண்ணாச்சி இப்போதும் என்னைக் கண்டால், "வாரும்வே, நூத்தி இருபத்து நாலு" என்றுதான் கூப்பிடுகிறார்.