ஊட்டியில் ரத்தம், கோவையில் ரிசல்ட்: ஜி.க்யூ.1பி டெஸ்ட் எடுக்கும் மையம் எப்படி?

கண் அசையாமல் பார்வை இரண்டாகத் தெரிந்து, நடை தள்ளாடி, கூடவே தூக்கக் கலக்கமும் வந்தால் நரம்பியல் டாக்டர்கள் பிக்கர்ஸ்டாஃப் மூளைத்தண்டு அழற்சியைச் சந்தேகிப்பார்கள். உடனே எழுதித் தருவது கேங்லியோசைடு ஆன்டிபாடி டெஸ்ட். நரம்பிலுள்ள கேங்லியோசைடு என்ற கொழுப்புப் பொருள்களைத் தாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது; அந்தப் பொருள்களில் ஒன்றுதான் ஜி.க்யூ.1பி. அதற்கு ஊட்டியில் ரத்தம் எடுத்துக் கோவைக்கு அனுப்பும் ஒரு மையத்தைப் பற்றியது இது.

ரத்தம் எடுப்பதில் குறையே இல்லை. வார்டுக்கே வருகிறார்கள். மஞ்சள் மூடி ட்யூபில் 5 மில்லி எடுத்து, அரை மணி நேரம் உறையவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளியும் நீரான சீரத்தை மட்டும் தனியே அனுப்புகிறார்கள். மலைப்பாதைக்கு இது கட்டாயம். பிரிக்காத ரத்தம் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கினால் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும். லேப் அதை ஏற்காது.

சொதப்புவது ஐஸ் பேக்கில். ஊட்டிக் குளிரில் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் வெயில் பெட்டிக்குள் வந்துவிடும் அல்லவா? 2 முதல் 8 டிகிரியில் போக வேண்டிய மாதிரி. கேட்டு வைக்கச் சொல்லுங்கள். பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகப் போகுமா என்பதையும் முன்னாடியே விசாரித்துவிடுங்கள்.

பெரிய ஓட்டை படிவத்தில். இந்த நோய்க்கு ரத்தக்குழாய் வழியே ஏற்றும் ஐ.வி.ஐ.ஜி. மருந்து ஏற்றியாகிவிட்டதா என்று கேட்கும் கட்டமே இல்லை. அந்த மருந்து ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஆன்டிபாடி. அது உடம்பில் கலந்த பிறகு எடுத்த ரத்தம் யாருடைய கதையைச் சொல்கிறது என்றே தெரியாது. இன்னொரு சிகிச்சையான பிளாஸ்மா மாற்றம் செய்தால் நோயாளியின் ஆன்டிபாடியே வெளியேறிவிடும். ஆகவே முதல் பாட்டிலுக்கு முன்பே ரத்தம் எடுத்தாக வேண்டும். அதற்காக ரிசல்ட் வரட்டும் என்று மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. வழக்கமான அளவு கிலோவுக்கு தினம் 0.4 கிராம், 5 நாள். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 24 கிராம்.

ரிப்போர்ட் தெளிவாக இருக்கிறது, ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்ற இரண்டு ஆன்டிபாடி வகைகளும் தனித்தனியாக. கவுன்டரில் "நெகட்டிவ்ங்க, பயமில்லை" என்று சொல்லித் தருவதுதான் ஆபத்து. இந்த நோயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குத்தான் ஜி.க்யூ.1பி பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்தாலும் இதே போலக் கண்ணையும் நடையையும் பாதிக்கும் மில்லர் ஃபிஷர் நோயாக இருக்கலாம். மயக்கமும் பாபின்ஸ்கி குறியும் (உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே எழுவது) உண்டா என்று பார்த்துப் பிரிப்பது டாக்டர் வேலை.