ஹவ்காங்கிலிருந்து தேக்கா வரை: சிங்கப்பூர் பஸ், ரயிலுக்கு ஒரு ரிட்டயர்டு இன்ஜினீயரின் மார்க்

மகள் வீட்டில் இருந்த இரண்டு மாதத்தில் நானும் என் மனைவியும் ஒரே ஒருமுறைதான் டாக்ஸியில் ஏறினோம். விமான நிலையத்திலிருந்து வந்த அன்று இரவு, நாலு பெட்டி, ஒரு முருங்கைக்காய்க் கட்டோடு. மற்றபடி எல்லாமே பஸ், ரயில், நடை. எனக்கு 68 வயது, அவளுக்கு 64, அதோடு இடது மூட்டில் தேய்மானம். 31 வருஷம் சாலை போட்டுப் பிழைத்தவன் என்பதால் ஒரு பஸ்ஸில் ஏறினால் என் கண் முதலில் போவது ஓரக்கல்லுக்குத்தான். இந்த மதிப்புரையும் அப்படித்தான் இருக்கும். ஷாப்பிங் யோசனை கேட்டு வந்தவர்கள் மன்னிக்கவும்.

வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். சேவை என்றால் நாம் பஸ்ஸைப் பார்க்கிறோம், அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை விட்டுவிடுகிறோம். ஹவ்காங்கில் மகள் குடியிருக்கும் வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை கூரை போட்ட நடைபாதை. அங்கே இதைத் திட்டம் போட்டே செய்திருக்கிறார்கள். ரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் பள்ளிக்கூடம், மருத்துவமனை மாதிரி இடங்களுக்கெல்லாம் கூரைப் பாதை என்று 2013இல் தொடங்கி, புதிதாக மட்டும் 200 கிலோமீட்டர் கட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூர் மழை சொல்லிக்கொண்டு வராது. ஆனாலும் ஊரிலிருந்து கொண்டுபோன குடையை நான் விரித்தது மூன்று முறைதான்.

நடைபாதையில் பள்ளமில்லை, மேடுமில்லை. நான் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) சாலையை அகலப்படுத்த இருந்த நடைபாதையை எடுத்தவன். நானே அளவுநாடா பிடித்துக் குறியும் போட்டேன். இரண்டே வருஷத்தில் அகலமான சாலையும் நிரம்பிவிட்டது, நடந்தவர்கள் வண்டிக்காரர்களோடு சாலையில் இறங்கிவிட்டார்கள். ஹவ்காங்கில் தினமும் காலையில் அது ஞாபகம் வந்தது.

சரி, பஸ். நிறுத்தத்தில் நின்று ஓரக்கல்லுக்கும் பஸ் தளத்துக்கும் உள்ள உயரத்தைச் சாண் வைத்துப் பார்த்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு சாண்கூட இல்லை. படியே கிடையாது. அவள் கம்பியைப் பிடிக்காமல் ஏறிய முதல் பஸ் அதுதான். 2020 கடைசியிலிருந்து அங்கே ஓடும் பொதுப் பேருந்துகள் எல்லாமே சக்கர நாற்காலி ஏறக்கூடியவை. ஒருநாள் நேரிலேயே பார்த்தேன். நிறுத்தத்தில் ஒரு சீனப் பெரியவர் சக்கர நாற்காலியில் இருந்தார். ஓட்டுநர் (அங்கே ‘கேப்டன்’ என்கிறார்கள்) எழுந்து நடுக் கதவுக்கு வந்தார். தரையில் மடித்திருந்த பலகையைக் கொக்கி பிடித்துத் தூக்கி நடைபாதை மேல் சாய்த்தார். பெரியவரை ஏற்றி, முதுகு முன்பக்கம் பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டு, பலகையை மடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். உச்சுக் கொட்டவோ ‘போகலாம் ரைட்’ என்று கத்தவோ யாருமில்லை. கேப்டன் முகத்திலும் அவசரமில்லை.

அந்த நிதானத்துக்குக் காரணத்தை மாப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2016 முதல் அங்கே ஏற்பாடு வேறு. பஸ் அரசாங்கத்தினுடையது, தடத்தை முடிவு செய்வதும் அரசாங்கம், கட்டண வசூலும் அரசாங்கத்துக்கே. நிறுவனங்கள் ஏலத்தில் தடங்களை எடுத்து ஓட்டிக்கொடுத்துக் கூலி வாங்குகின்றன. ஆள் குறைந்தாலும் கூடினாலும் ஓட்டுகிறவருக்குக் கவலை இல்லை, நேரத்துக்கு வந்தால் போதும். கலெக்‌ஷனுக்காக முன்னால் போகிற பஸ்ஸைத் துரத்தி, நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கிற தனியார் பஸ்களில் கல்லூரிக் காலம் முழுக்கத் தொங்கியவன் நான். அந்த ஓட்டுநர்களைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். பாவம், வசூலுக்கு ஏற்றபடி பேட்டா கொடுத்தால் யார்தான் துரத்த மாட்டார்கள்?

கட்டணம் தூரத்துக்கு ஏற்றபடி. ரயிலில் போய், பஸ் மாறி, இன்னொரு பஸ் ஏறினாலும் மொத்தத் தூரத்துக்கு ஒரே கணக்கு. இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 45 நிமிடம் மிஞ்சாமல், ஐந்து முறை வரை மாறலாம். நம் ஊரில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் புது டிக்கெட் என்பதால், நேரடி பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நிற்போம் இல்லையா? அங்கே யாரும் அப்படி நிற்பதில்லை. வருகிறதில் ஏறு, அப்புறம் மாறிக்கொள். நகரத்துக்குள் எங்கே போனாலும் எனக்கு இரண்டு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் அப்படித்தான் சொல்கிறார்கள்) சுற்றிதான் ஆனது. மூத்தோர் சலுகை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், நம்மைப் போன்ற விருந்தாளிகளுக்கு முழுக் கட்டணம்.

ஒரு எச்சரிக்கை. ஏறும்போது பயண அட்டையைக் கருவியில் தட்டுவது எல்லோருக்கும் நினைவிருக்கும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். முதல் வாரம் மூன்றே நிறுத்தம் தள்ளி இறங்கியவன், தட்டாமல் கையை வீசிக்கொண்டு நடந்துவிட்டேன். தடத்தின் கடைசி வரைக்கும் உள்ள பணத்தை எடுத்துவிட்டது. “தாத்தா, தட்டணும்னு சொன்னேன்ல!” என்று ஏழு வயசுப் பேரன் ஒரு வாரம் மானத்தை வாங்கினான்.

லிட்டில் இந்தியா வட்டாரத்தில் இருக்கும் தேக்காவுக்குப் போக வடகிழக்குப் பாதை ரயில். 2003 முதல் ஓட்டுநரே இல்லாமல் சுரங்கத்தில் ஓடுகிறது. முதல் பெட்டியின் முன் கண்ணாடியில் நின்று சுரங்கத்தைப் பார்க்கலாம். பேரனைச் சாக்கிட்டு நான்தான் பார்த்தேன். இருபது நிமிடத்துக்குள் லிட்டில் இந்தியா. திரும்பும்போது மனைவிக்கு 147ஆம் நம்பர் பஸ்தான் வேண்டும். ரயிலைவிட இரண்டு மடங்கு நேரம். ஆனால் மல்லிகைப்பூ, வெற்றிலைப் பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்பது அவள் கட்சி. குளிர்சாதனம் மட்டும் அவளுக்கு ஒத்துவரவில்லை, சால்வை கொண்டுபோங்கள்.

மாப்பிள்ளை நன்றாகச் சம்பாதிக்கிறவர், ஆனால் கார் இல்லை. வந்த புதிதில் எனக்கு மனசுக்குள் ஒரு குறைதான். பிறகுதான் விஷயம் புரிந்தது. கார் வாங்குவதற்கு முன் வாகன உரிமைச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும், அது பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் சின்னக் காருக்கான சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருந்தது. காருக்கு விலை தனி. 2018இல் கார்களின் வளர்ச்சி விகிதத்தையே பூஜ்யமாக்கிவிட்டார்கள். இதெல்லாம் நேற்று வந்த கண்டிப்பும் இல்லை. 1975லேயே காலை நேரத்தில் நகர மையத்துக்குள் காரைக் கொண்டுவர ஒரு நாளைக்கு 3 வெள்ளி உரிமம் எடுக்க வைத்தார்கள், காரில் நாலு பேர் இருந்தால் இலவசம். நான் வேலைக்குச் சேர்ந்ததே அதற்கு அப்புறம்தான். ‘பாலம் கட்டினால் நெரிசல் தீரும்’ என்று நாங்கள் எழுதாத கோப்பு இல்லை.

சாலையைக் கடக்கிற இடத்தில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். சிக்னல் கம்பத்தில் ஒரு பெட்டி. மூத்தோர் தங்கள் சலுகை அட்டையை அதில் தட்டினால், பச்சை மனிதன் கூடுதலாகச் சில வினாடி நிற்பான். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி. எங்களிடம் அந்த அட்டை கிடையாது. பக்கத்து புளோக்குச் சீனப் பாட்டி ஒருவர் தினமும் காலை சந்தைக்குப் போவார். எங்களைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அட்டையைத் தட்டி, “கம், கம்” என்பார். இரண்டு மாதமும் அந்தச் சாலையை அவர் கணக்கில்தான் கடந்தோம்.

குறை இல்லாமலில்லை. நடைபாதையில் சைக்கிள் ஓட்ட அனுமதி உண்டு, 10 கிலோமீட்டர் வேகம்தான் என்று விதி. முதுகுக்குப் பின்னால் மணி அடித்தால் எனக்கு இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது. ஆனால் நான் மார்க் குறைப்பது அதற்கில்லை.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு நிறுத்தத்தில் நிற்கிறேன். சிக்னலில் ஒரு லாரி. பின்பக்கம், சரக்கு ஏற்றுகிற இடத்தில், தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு இருபது பேர் வரை. பாதிப்பேர் தூக்கத்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தாலே நம் ஊர்ப் பிள்ளைகள். மேலே கூரை, பக்கத்தில் கம்பி, பெல்ட் கிடையாது. கட்டுமானத் தொழிலாளர்களை இப்படி ஏற்றிப்போக அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. நாடாளுமன்றத்தில் எத்தனையோ முறை பேசியாயிற்று, இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு சக்கர நாற்காலிக்காக இரண்டு நிமிடம் நிற்கிற ஊரில்.

அந்த ஞாயிறு தேக்காவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் ஒரு பையன். கையில் ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது.

“எந்த ஊரு தம்பி?”

“அறந்தாங்கி பக்கங்கய்யா.”

“வேலைக்கும் இந்த பஸ்லதான் போறியா?”

சிரித்தான். “இல்லிங்கய்யா, வேலைக்கு லாரி. பஸ்ஸு ஞாயித்துக்கெழம மட்டும்.”

147 வந்தது. அவன் போக வேண்டியது வேறு பஸ். “அம்மா பாத்து ஏறுங்க” என்றான், பழக்கதோஷத்தில். படிதான் இல்லையே. மனைவி ஏறிவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அட்டையைத் தட்டினேன்.

மார்க் கேட்டால் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பத்துக்கு ஒன்பது. லாரியில் போகிறவர்களையும் அந்த ஊரின் பயணிகளாகச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆறுக்கு மேல் எனக்குக் கை வராது. என் அட்டையில் 4 வெள்ளி 60 காசு மிச்சம் இருக்கிறது. தூக்கிப் போடாதே தாத்தா, அடுத்த தடவைக்கு ஆகும் என்று பேரன் சொல்லியிருக்கிறான். ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன்.