காசிமேட்டில் மீன் வாங்கினால் காசு மிஞ்சுமா?

வடசென்னையில் இருக்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் பாதி விலைக்கு மீன் கிடைக்கும் என்று சொல்லாத ஆள் சென்னையில் இல்லை. பாதி விலை என்பது மிகை. ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்குத் தாம்பரத்திலிருந்து வண்டி கட்டிப் போய் இரண்டு கிலோ வஞ்சிரம் வாங்கிவருகிறவருக்குத் தூக்கக் கலக்கம்தான் மிஞ்சும். அதே துறைமுகத்தில் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நெத்திலியோ கவலை மீனோ கூறு போட்டு வாங்கும் தண்டையார்பேட்டை வீட்டுக்கு உண்மையாகவே பணம் நிற்கும். சந்தை ஒன்றுதான். எந்த மீனை, எந்த நேரத்தில், எத்தனை பேர் சேர்ந்து வாங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

முதலில் நேரம். காசிமேட்டில் இரண்டு விதமாக மீன் கரைக்கு வருகிறது. விசைப்படகுகள், அங்கே லாஞ்ச் என்பார்கள், பல நாள் கடலில் தங்கி ஐஸில் போட்ட மீனோடு திரும்பும். வஞ்சிரம், பெரிய பாறை, பெரிய சங்கரா எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். நள்ளிரவு தாண்டித் தொடங்கும் ஏலம் இவற்றுக்கானது. ஃபைபர் படகுகள் இருட்டில் போய்க் காலையில் திரும்புகிறவை. நெத்திலி, கவலை, காரப்பொடி, கிழங்கான் போன்ற பொடிமீன் இவற்றில் வரும். அன்றைக்குப் பிடித்தது அன்றைக்கே கிடைக்கும். சிக்கனத்துக்குப் பொடிமீன்தான் என்று முடிவு செய்துவிட்டால் இரண்டு மணிக்கு அலாரம் வைக்க வேண்டாம். ஆறரையிலிருந்து எட்டுக்குள் போனால் போதும்.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். ஊரே வருகிற நாளில் விலை இறங்காது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை என்று பல வீடுகளில் கவிச்சி சமைக்காத நாட்களில் வாங்க ஆள் குறைவு. மீன் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். புரட்டாசி முழுக்க இந்தக் கதைதான். பெருமாளுக்கு விரதம் இருக்காத வீட்டுக்கு வருஷத்திலேயே மலிவான மாதம் அது. கார்த்திகையில் மாலை போடுகிறவர்களாலும் கொஞ்சம் இறங்கும்.

விலை ஏறும் காலமும் தேதியோடு தெரிந்ததுதான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31 வரை; கேரளாவில் மட்டும் ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்கும். ஆகவே மே முடியும்வரை கேரளா பக்கத்து மீன் லாரியில் வந்து ஓரளவு ஈடுகட்டும். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையிலும் பெரும்பாலான லாஞ்ச் ஓடாது. அந்தப் பதினான்கு நாள் காசிமேடு பக்கம் போகாமல் இருப்பதே சிக்கனம். ஃபைபர் படகுகள் ஓடும்தான், ஆனால் எல்லோருடைய கண்ணும் அந்தக் கொஞ்ச மீன் மேலேயே இருக்கும்.

அடுத்தது, கிலோ விலையைப் பார்த்து ஏமாறுவது. தராசில் நிற்கும் எடை வேறு, தட்டில் விழும் எடை வேறு. கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். நெத்திலி கிலோ 200 ரூபாய். தலையும் குடலும் போனால் சுமார் 650 கிராம் நிற்கும்; தின்னும் கிலோவுக்கு 308 ரூபாய். சங்கரா 300 ரூபாய் என்றால், செதில், குடல், தலை கழித்து 550 கிராம் நிற்கும். கிலோ 545 ஆகிவிடும். இறால் 400 என்றால் உரித்த பிறகு பாதிதான், 800. நண்டு 350 என்றால் சதை முப்பது சதவீதம் தாண்டினாலே அதிர்ஷ்டம், கிலோ 1,100-க்கு மேல். நண்டு விலை மலிவாகத் தெரிவதெல்லாம் ஓட்டுக்குக் கொடுக்கும் காசு. விலை தினம் மாறும். கழிவுக் கணக்கு அவ்வளவாக மாறாது. இந்த நான்கு எண்களை மனதில் வைத்துக்கொண்டு போனால் எந்த நாளிலும் ஒப்பிட்டுவிடலாம்.

தலையைக் கணக்கில் சேர்த்தால் சங்கரா நிலைமை கொஞ்சம் மாறும். சங்கராத் தலை போட்ட குழம்புக்கு ருசியே தனி. ஆனால் வெட்டுகிறவரிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும்: "அண்ணா, தலை வேணும், செவுள் மட்டும் எடுத்துடுங்க, சினை இருந்தா தனியா வைங்க." சொல்லாவிட்டால் அது கழிவோடு போகும். நீங்கள் எடை போட்டுக் காசு கொடுத்த பொருள்.

வெட்டுக்கூலியில்தான் பொடிமீன் வாங்குகிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். பெரிய மீனுக்குக் கூலி விலையில் ஒரு துளி. நெத்திலிக்கும் கவலைக்கும் கூலி கொடுத்தால் மலிவாக வாங்கியதே வீண். வீட்டில் செய்யுங்கள். நெத்திலியின் தலைக்குப் பின்னால் கட்டைவிரல் நகத்தை வைத்து, முதுகுப் பக்கமிருந்து கிள்ளி, வயிற்றுப் பக்கமாகக் கீழே இழுத்தால் தலையோடு குடலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். வயிற்றுப் பக்கமிருந்து கிள்ளினால் குடல் அறுந்து உள்ளேயே தங்கும், குழம்பு கசக்கும். பழகிய கைக்கு ஒரு கிலோ அரை மணி நேரம். காரப்பொடிக்குச் செதில் எடுக்கக் கத்தி வேண்டாம். உள்புறம் சொரசொரப்பான மண்சட்டியில் மீனைப் போட்டு, ஒரு கைப்பிடி கல்லுப்பும் சேர்த்து வட்டமாக உரசினால் செதில் சாம்பல் நிறக் குழம்பாகக் கழன்று வரும். மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவினால் மீன் வெள்ளிபோல ஆகிவிடும். அலுமினியச் சட்டியில் இது நடக்காது, வழுக்கும்.

மீன் பார்க்கத் தெரிந்தவர்கள் செவுளைத் திறந்து பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் நல்லது, பழுப்பு ஏறினால் வேண்டாம். கண் புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி நிற்கக்கூடாது. விடிவதற்கு முன் போகிறவர்கள் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லா மீனும் புதுசாகவே தெரியும். பொடிமீனுக்குச் செவுள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, கூறைக் கையால் புரட்டி அடியில் இருப்பதைப் பாருங்கள். வயிறு வெடித்த நெத்திலி அதிகம் இருந்தால் அது காத்திருந்த மீன். நண்டைத் தூக்கிப் பார்த்தால் கனக்க வேண்டும். அடிவயிற்று ஓட்டின் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே அமுங்கினால் சட்டை உரித்த நண்டு, சதைக்குப் பதில் தண்ணீர்தான் இருக்கும்.

கானாங்கத்தை, சூரை, மத்தி, கவலை இவை மலிவும் சத்தும் உள்ளவை. ஆனால் இவற்றை வெயிலில் வைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அது கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து அரிப்பு எடுத்தால் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பல பேர் நினைப்பார்கள். ஐஸ் இல்லாமல் கொண்டுவந்ததும் காரணமாக இருக்கலாம். ஒரு மணி நேரப் பயணத்துக்குக் கிலோ மீனுக்கு அரை கிலோ ஐஸாவது வேண்டும். அடியில் கொஞ்சம் ஐஸ், மேலே மீன், அதற்கு மேல் மறுபடி ஐஸ். உருகிய தண்ணீரிலேயே மீன் மிதந்தால் சதை தொளதொளத்துவிடும், வடிய வழி வேண்டும். பழைய தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை போட்டு, கீழே ஒரு தட்டு வைத்தால் முடிந்தது.

கூறு வாங்கும்போது எடை கிடையாது. "அக்கா, இந்தக் கூறு எவ்ளோ?" "முன்னூறு குடு நைனா." முன்னூறுக்கு எத்தனை கிலோ என்பது உங்கள் கண் மதிப்பு. பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகாவது தூக்கிப் பார்த்து எழுதி வையுங்கள், நாலு தடவையில் கண் பழகிவிடும். விற்கிறவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசுவது நாகரிகமில்லை. அடுத்த தடவை அந்த அம்மா உங்களுக்குக் கூடுதலாக ஒரு கைப்பிடி போடவும் மாட்டார்.

உண்மையான மலிவு ஏலக் கூடையில்தான். ஆனால் ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ எதற்கு? மூன்று, நான்கு வீடு சேர்ந்து ஒரு ஆளை அனுப்புவதே வழி. பிரிக்கும்போது ஐஸையும் தண்ணீரையும் வடித்துவிட்டுத்தான் எடை போட வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வீட்டுக்கு மீன் குறையும், மனஸ்தாபம் வரும். போகிறவரின் பெட்ரோலையும் ஐஸ் காசையும் மீன் விலையோடு சேர்த்துத்தான் வகுக்க வேண்டும். ஏலத்துக்குப் போகிறவர் கையில் நூறு, ஐம்பது நோட்டாகப் பணம் இருக்கட்டும். விலை விழுந்ததும் கொடுத்துவிட்டு நகர வேண்டும், நெட் வருமா என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. தரை வழுக்கும், பிடிப்புள்ள ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

பயணச் செலவை மறக்கிறவர்கள் அதிகம். போக வர 30 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் 67 ரூபாய். கிலோவுக்கு 60 ரூபாய் மலிவாக இரண்டு கிலோ வாங்கினால் மிச்சம் 53 ரூபாய். அதில் ஐஸும் வெட்டுக்கூலியும் போனால் தெருவில் வருகிற மீன்கார அம்மாவிடமே வாங்கியிருக்கலாம், கூலியில்லாமல் வெட்டியும் தந்திருப்பார். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கே வராது. பெண்கள் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லாமல் போய்வரலாம். காலை ஏழு மணி மீனுக்குப் பேருந்தும் தாராளமாக இருக்கிறது.

ஃப்ரீசர் உள்ள வீடு சுத்தம் செய்த நெத்திலியைக் கால் கிலோவாகப் பிரித்து டப்பாவில் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி உறைய வைக்கலாம். காற்று படாததால் காய்ந்து போகாது. மத்தி, கவலை போன்ற எண்ணெய் மீனை இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைப்பதும் கூடாது. அரை கிலோ நெத்திலியோடு ஒரு மாங்காய், இரண்டு கத்தரிக்காய் போட்டால் நான்கு பேருக்கு இரண்டு வேளை குழம்பு. பொரிப்பதை வாரம் ஒரு நாளோடு நிறுத்தினால், ரேஷனில் 25 ரூபாய்க்கு வரும் ஒரு லிட்டர் பாமாயில் மாதக் கடைசிவரை தாங்கும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். புரதத்துக்காக மட்டும் என்றால் முட்டைதான் மலிவு. ஒரு கிலோ நெத்திலியில் தின்னக் கிடைக்கும் 650 கிராமில் சுமார் 115 கிராம் புரதம். அது பத்தொன்பது முட்டைக்குச் சமம். முட்டை ஆறரை ரூபாய் என்றால் 124 ரூபாயில் முடிந்துவிடும். முள்ளோடு தின்கிற பொடிமீனில் கிடைக்கும் கால்சியமும், மத்தி, கவலையின் ஒமேகா கொழுப்பும் முட்டையில் அந்த அளவுக்குக் கிடையாது. தினம் முட்டை, வாரம் இரண்டு நாள் பொடிமீன் என்று வைத்துக்கொண்டால் பட்ஜெட்டும் இடிக்காது, வாய்க்கும் குறை இருக்காது.

தடைக்காலத்துக்கு மார்ச் கடைசியிலேயே கருவாடு வாங்கி வைப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கம். கருவாட்டில் உப்புக்கும் காசு போகும். தட்டினால் உப்பு கொட்டுவதை எடுக்காதீர்கள். வளைத்தால் முறிய வேண்டும், ரப்பர் மாதிரி வளைந்தால் ஈரம் இருக்கிறது, மழையில் புழு வைக்கும். மேலே ரோஜா நிறத் திட்டு இருந்தால் அது உப்பில் வளரும் கிருமி. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மீன் கழுவிய தண்ணீரையும் கொட்டிவிடாதீர்கள். உப்புப் போடுவதற்கு முன் அலசிய முதல் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம். கல்லுப்புப் போட்டு உரசிய தண்ணீர் வேரைக் கருக்கிவிடும், அது சாக்கடைக்கே. குடலையும் தலையையும் தொட்டியில் ஒரு ஜாண் ஆழத்துக்குக் குறையாமல் புதைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் அன்றைக்கு ராத்திரியே தெருப் பூனைகள் தோண்டிவிடும்.